சட்டம் படித்த பெண்ணுக்கு ராணுவத்தில் என்ன வேலை?

"சேலத்தில் சட்டம் படிக்கும் என் மகள் ராணுவத்தில் சேரப் போகிறேன் என்கிறாள். படித்தது வீணாகிவிடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வீணாகாது. ராணுவத்தில் 'ஜட்ஜ் அட்வகேட் ஜெனரல்' என்று தனிச் சட்டப் பிரிவே இருக்கிறது. சட்டப் பட்டத்தில் குறைந்தது 55 சதவீதம் வேண்டும்; தேர்வானால் சென்னை பரங்கிமலையில் பயிற்சி. (இப்போதே ஏற்காட்டு மலைப்பாதையில் ஓடிப் பழகச் சொல்லுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இலவசம்!)

வாதாடும் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். ராணுவ நீதிமன்றத்தில் தீர்ப்புச் சொல்பவர்கள் அதிகாரிகள். அவர்கள் சட்டம் தவறாமல் பார்த்துக்கொள்வதே இந்தச் சட்டப் பிரிவில் இருப்பவரின் பொறுப்பு. அவருக்குத் தீர்ப்பில் வாக்கு கிடையாது. ஆனால் உயரதிகாரியிடமும் "இது செல்லாது ஐயா" என்று சொல்லும் துணிச்சல் வேண்டும்.

இப்பிரிவில் பெண்களுக்கு 2008 முதல் நிரந்தரப் பணி வாய்ப்பு உண்டு. ஆண்களுக்கு அதிக இடம் ஒதுக்கிய முறையையும் 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

ராணுவத்தை விட்டு வெளியே வந்த பிறகு? சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது. ஊனமுற்ற வீரரின் ஓய்வூதியம், கணவரை இழந்தவரின் குடும்ப ஓய்வூதியம் போன்ற வழக்குகள் அங்கேதான் போகின்றன. ஊனம் பணியால் வந்ததா என்று சொல்லும் ராணுவ மருத்துவக் குழு அறிக்கையின் ஒரு வரியில் வழக்கே திரும்பிவிடும். அந்த வரியைப் படிக்கத் தெரிந்த வழக்கறிஞர்கள் நம் பக்கம் அதிகம் இல்லை என்பது என் எண்ணம்.