கண்ணகி சிலைகிட்ட நாலு மணிக்கு

கேள்வி: அக்கா, வணக்கம். நாங்க நாலு பேர் சைதாப்பேட்டைல ஒண்ணா படிச்சு 1993ல பிளஸ் டூ முடிச்சோம். அடுத்த வருஷத்துலேருந்து ஒவ்வொரு காணும் பொங்கலுக்கும் மெரினால கண்ணகி சிலைகிட்ட நாலு மணிக்கு வந்து நிக்கணும்னு பேச்சு, கல்யாணம் ஆகி ஆளுக்கொரு ஊருக்குப் போனப்புறமும் அதை விடல. ஒரு லாங் சைஸ் நோட்டு உண்டு. மணல்ல உக்காந்து அந்த வருஷம் என்னென்ன நடந்துச்சுன்னு ஆளுக்கு ஒரு பக்கம் எழுதுவோம், அப்புறம் முறை வெச்சு ஒருத்தி வீட்டுக்கு எடுத்துட்டுப் போவோம். 2015 பொங்கலுக்கு என் முறை. அந்த டிசம்பர்ல தான் வெள்ளம். ஜாபர்கான்பேட்டைல கீழ் போர்ஷன், மாமியாரையும் பசங்களையும் இழுத்துக்கிட்டு மொட்டை மாடிக்கு ஓடினதுல வேற எதுவும் தோணல, நோட்டு பீரோ அடித்தட்டுல இருந்துச்சு. மூணு நாள் கழிச்சு எடுத்தா ஊறிப் போயி பன்னு மாதிரி உப்பியிருக்கு, காய வெச்சா ஒரே கட்டியா ஒட்டிக்கிச்சு. கவர்ல சுத்தி பரண்ல போட்டுட்டேன். அந்தப் பொங்கலுக்கு காய்ச்சல்னு சொன்னேன், அப்புறம் வருஷா வருஷம் ஒரு சாக்கு. நோட்டு எங்கடின்னு கேட்டா பத்திரமா இருக்குடின்னு சொல்லிட்டேன். இப்போ ஒருத்தியோட பொண்ணுக்கு தை மாசம் கல்யாணம். 2001ல இவ பொறந்தப்போ நான் எழுதுன பக்கத்தை இவளுக்குப் படிச்சுக் காட்டணும்டி, எடுத்து வைன்னு போன் மேல போன். ஒரு பழைய நோட்டு வாங்கி ஞாபகம் இருக்கறதை நானே எழுதிடலாமான்னு தோணுது. ராத்திரி தூக்கமே இல்ல அக்கா.
– பெயர் வேண்டாம், சென்னை

பதில்: எழுதாதீங்க தங்கச்சி. மத்ததெல்லாம் அப்புறம், முதல்ல இதைச் சொல்லிடறேன். தான் பெத்த பொண்ணைப் பத்தி தான் எழுதுன பக்கத்தை அவளுக்கு அடையாளம் தெரியாமப் போகுமா, மண்டபத்துல வெச்சு அவ அதைக் கண்டுபிடிச்சா உங்களால தாங்க முடியாது.

உங்க லெட்டரை ரெண்டு மூணு தடவை படிச்சேன். அந்த வெள்ளத்துக்கப்புறம் ரேஷன் கார்டு, பட்டா, மார்க் ஷீட்னு போனவங்களுக்கு ஸ்பெஷல் கேம்ப் போட்டு டூப்ளிகேட் குடுத்தாங்க. இந்த மாதிரி ஒரு நோட்டு போனா எந்த கேம்ப்ல போய் நிக்கறது? யார்கிட்ட சொன்னாலும் உசுரு தப்பிச்சுதே அது போதாதாம்பாங்க. அதனால தான் வாயை மூடிக்கிட்டீங்க, எனக்குப் புரியுது. ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. 1994லேருந்து 2015 வரைக்கும் 22 பொங்கல், 88 பக்கம். அதுல உங்களோடது 22 தான், மிச்சம் 66 அவங்க மூணு பேரோடது. அவங்க பொருள் போனதை அவங்களுக்கே சொல்லாம பத்து வருஷமா நீங்க ஒருத்தியா அழுதுக்கிட்டு இருக்கீங்க, அழறதுக்கு அவங்களுக்கும் பாத்தியதை இருக்கில்ல. செம்பரம்பாக்கத்துலேருந்து செகண்டுக்கு 29 ஆயிரம் கன அடி வந்த ராத்திரி அது, மாமியாரை விட்டுட்டு நோட்டைத் தூக்கியிருக்கணும்னு எந்த சிநேகிதியும் சொல்ல மாட்டா. பத்திரமா இருக்குன்னு சொன்னீங்க பாருங்க, அதுக்கு மட்டும் மன்னிப்பு கேளுங்க. போன்ல வேண்டாம். கல்யாண வீட்டு அலைச்சல் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, இந்த வாரமே நேர்ல போங்க.

போகும்போது அந்தக் கட்டியையும் கையோட கொண்டு போங்க. அதைக் குப்பைல போடாம வெச்சிருந்தீங்களே, எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு. உள்ள ஒண்ணுமே இல்லன்னு நினைச்சுக்காதீங்க. பால் பாயிண்ட் மை எண்ணெய்ப் பசை உள்ளது, தண்ணில சீக்கிரம் கரையாது. இங்க் பேனால எழுதுனது தான் கரைஞ்சு நீலமா பரவிடும். நம்ம காலத்துல ஹீரோ பேனா மேல எவ்ளோ ஆசை இருந்தாலும் மணல்ல உக்காந்து எழுதறப்போ கைக்கு வந்தது ரெனால்ட்ஸா தான் இருக்கும், எனக்கு நம்பிக்கை இருக்கு. பேப்பர் கன்சர்வேஷன் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா முதல்ல அவங்ககிட்ட காட்டுங்க. நீங்களே பிரிக்கறதா இருந்தா கையால இழுக்காதீங்க. மூடி போட்ட பெரிய டப்பா அடில ஈரத்துணி, அதுக்கு மேல கம்பி ஸ்டாண்டு, ஸ்டாண்டு மேல நோட்டு. தண்ணி படக்கூடாது, ஈரக்காத்து மட்டும் படணும். சில மணி நேரத்துல ஓரம் இளக ஆரம்பிக்கும், மெல்லிசான பிளாஸ்டிக் ஸ்கேலை உள்ள விட்டு ஒவ்வொரு தாளா, முரண்டு பிடிச்சா நிறுத்திட்டு மறுபடி டப்பால வைங்க. பூஞ்சை இருக்கும், மாஸ்க் போட்டுக்கங்க. படிக்கற மாதிரி ஒரு பக்கம் வந்தா உடனே போட்டோ எடுத்துடுங்க. தையல் மடிப்புல மெரினா மணல் இருந்தாலும் இருக்கும், தட்டி விட்டுடாதீங்க. இதையெல்லாம் தனியா உக்காந்து செய்யாதீங்க, நாலு பேரும் சேர்ந்து செய்ங்க. அந்தப் பக்கம் வரலேன்னா அவ வாயாலயே பொண்ணுகிட்ட சொல்லட்டும், அவ மறந்ததை நீங்க மூணு பேரும் எடுத்துக் குடுங்க, அவ எழுதுனப்போ பக்கத்துல தானே உக்காந்திருந்தீங்க.

இன்னொண்ணு மனசுல பட்டுச்சு. பொண்ணு பொறந்தது 2001ன்னா அந்தப் பக்கம் எழுதுனது 2002 காணும் பொங்கலா தான் இருக்கும். கண்ணகி சிலையை 2001 டிசம்பர்லயே எடுத்துட்டாங்க, திரும்ப வெச்சது 2006 ஜூன்ல. அப்போ அஞ்சு பொங்கல், சிலையே இல்லாத இடத்துல, கண்ணகி சிலைகிட்ட நாலு மணிக்குன்னு சொல்லி வெச்சு நாலு பேரும் வந்து நின்னிருக்கீங்க.

வர்ற காணும் பொங்கலுக்கும் போய் நில்லுங்க. கூட்டம் தள்ளும், கடல்ல இறங்க விடாம கட்டை கட்டியிருப்பாங்க, பரவால்ல, உக்கார மணல் இருக்கு. போற வழில ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கிக்கங்க. பேனா மட்டும் பால் பாயிண்ட்டா இருக்கட்டும்.