‘முதலாவது’ – ஒரு கடிதம்

ஐயா, ஸ்தோத்திரம். பெரம்பூரில் இருக்கிறேன். நாலரைக்கு எழுந்து பிள்ளைகளுக்கு டிபன் கட்டி, மாமியாருக்கு மாத்திரையை மேசைமேல் வைத்துவிட்டு (எங்களுக்குள் பேச்சு இல்லை) மின்சார ரயிலுக்கு ஓடுவேன். ராத்திரி வேதத்தைத் திறந்தால் இரண்டு வசனத்தில் கண் சொக்குகிறது. நாளின் முதல் மணி நேரத்தைக் கொடுக்காதவர்கள் கர்த்தருக்கு முதலிடம் கொடுக்கவில்லை என்று ஒரு கூட்டத்தில் கேட்டதிலிருந்து மனசே சரியில்லை. நான் என்ன செய்ய?
– ஒரு சகோதரி

அன்புள்ள சகோதரி,

அதிகாலை ஜெபத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். முந்தின சாயங்காலம் வாசலில் கூடிய நோயாளிகளையெல்லாம் சுகமாக்கிவிட்டு, மறுநாள் இருட்டோடே எழுந்து ஜெபிக்கப் போனவர் நம் ஆண்டவர் (மாற்கு 1:35). ஆனால் இத்தனை மணி நேரம் என்று அவர் யாருக்கும் அளவு வைக்கவில்லை. அடுப்பைப் பற்றவைக்கும் முன் வேதத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசியுங்கள், பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்கு ரயில் நிற்கும்போது அதையே மனசுக்குள் சொல்லுங்கள். அவர் கேட்பார்.

சரி, “முதலாவது தேவனுடைய ராஜ்யத்தையும் அவருடைய நீதியையும் தேடுங்கள்” என்பதைத்தானே எல்லோரும் எடுக்கிறோம்? அது மத்தேயு 6:33. அதே மலைப்பிரசங்கத்தில் ஒரு அதிகாரம் முன்னால் பாருங்கள். காணிக்கையோடு பலிபீடம் வரைக்கும் வந்துவிட்டவனிடம், உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால் அதை அங்கேயே வைத்துவிட்டுப் போ, “முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி” பின்பு வா என்கிறார் (5:23-24). தமிழில் ஒன்று ‘முதலாவது’, மற்றது ‘முன்பு’. கிரேக்க மூலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான், ‘புரோடோன்’.

இதைப் படித்துத் தெரிந்துகொண்ட பிறகும் அப்பா வீட்டுப் பாகத் தகராறில் அண்ணனோடு ஒன்றரை வருடம் பேசாமல் இருந்தேன். தினமும் காலை ஐந்து மணிக்கு முழங்காலில் நின்றுகொண்டுதான் இருந்தேன். ஒரு ஞாயிறு, காணிக்கைப் பை இரண்டு வரிசை முன்னால் வரும்போது கை நடுங்கியது, கவரை வேதாகமத்துக்குள் சொருகிவிட்டு வெளியே வேப்பமரத்தடிக்கு வந்து போன் போட்டேன். அண்ணன் எடுத்ததும் கேட்டது, “சாப்டியாடா?”. எனக்கு அழுகையில் பேச்சே வரவில்லை.

உங்கள் கடிதத்தில் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்களே, அந்த மூன்று வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை. தப்பு யார் பக்கம் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். நாளைக்குக் காலையில் அந்த மாத்திரையை மேசைமேல் வைக்காமல், ஒரு டம்ளர் வெந்நீரோடு அவர் கையில் கொடுங்கள். “அத்தை” என்று கூப்பிட்டுக் கொடுங்கள். அப்புறம் ரயில் ஏறி, எனக்கு எழுதுங்கள்.