வாசகர் கேள்வி – பதில்: பனி நண்டும் காசிமேட்டு நண்டும்

கேள்வி: அலாஸ்கா, கனடா கடல்களில் பனி நண்டுக்கு ஆண்டுதோறும் டன் கணக்கில் உச்சவரம்பு வைத்து, ஆண் நண்டை மட்டுமே கரைக்குக் கொண்டுவர அனுமதிக்கிறார்கள் என்று படித்தேன். நமக்கோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம்தான் இருக்கிறது. அந்த முறையைக் காசிமேட்டிலும் ஏன் கொண்டுவரக் கூடாது?
– வாசகர் ஒருவர், புதுவண்ணாரப்பேட்டை

பதில்: நண்டைத் திருப்பிப் பார்த்தால் வயிற்று மடல் ஒடுங்கிக் கூர்மையாக இருப்பது ஆண், அகன்று வளைந்திருப்பது பெண் என்பது காசிமேட்டில் கூடை வைத்திருக்கும் எந்த அம்மாவுக்கும் தெரியும். ஆகவே ஆண், பெண் பிரித்தறிவதில் நமக்குச் சிக்கல் இல்லை. பிரித்த பிறகு பெண் நண்டு உயிரோடு கடலுக்குத் திரும்புமா என்பதில்தான் சிக்கல்.

பனி நண்டைக் கூண்டு வைத்துப் பிடிக்கிறார்கள். இரையைத் தேடி உள்ளே நுழைந்த நண்டு கால் ஒடியாமல் உயிரோடு மேலே வருவதால், கனடாவில் ஓட்டின் அகலம் 95 மில்லிமீட்டருக்குக் குறைந்த ஆணையும் எல்லாப் பெண் நண்டுகளையும் அப்படியே கடலில் விட்டுவிட முடிகிறது. கனடாவின் செயிண்ட் லாரன்ஸ் வளைகுடாவில், தோலுரித்து ஓடு இளகிய, சதை பிடிக்காத நண்டுகள் கூண்டில் அதிகமாக வரத் தொடங்கினால், அந்தப் பகுதியைப் பருவத்தின் நடுவிலேயே மூடிவிடுகிறார்கள். கூண்டு கடலில் தொலைந்துபோனால் அது கேட்பாரற்று நண்டுகளைக் கொன்றுகொண்டே கிடக்கக் கூடாது என்பதற்காக, அதன் ஒரு பக்கத்தைப் பருத்தி நூலால் தைக்கச் சொல்கிறார்கள். நூல் மக்கியதும் வாசல் திறந்துகொள்ளும். அந்த விதிகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இந்த நூல்தான்.

நம் நண்டு வருவதோ இழுவை வலையிலும் செவுள் வலையிலும். இழுவை வலையில் மீனோடும் சேற்றோடும் நசுங்கி வரும் பெண் நண்டைக் கடலில் வீசினாலும் அது பிழைக்காது. செவுள் வலையில் சிக்கிய நண்டை, கொடுக்கை ஒடித்து, கண்ணி கண்ணியாகப் பிரித்துத்தான் எடுக்கிறார்கள். ஆகவே வலையை மாற்றாமல் ஆண் நண்டு விதியை மட்டும் இறக்குமதி செய்தால், செத்த பெண் நண்டைக் கடலில் கொட்டிவிட்டு வருவதுதான் மிஞ்சும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. பனி நண்டு ஆண், விற்பனைக்குரிய அளவை எட்டச் சுமார் 8, 9 ஆண்டுகள் ஆகும்; நம் நீலக்கால் நண்டு ஓராண்டுக்குள்ளேயே சினைக்கு வந்துவிடுகிறது. மெதுவாக வளரும் உயிருக்கு ஆண்டுக் கணக்கெடுப்பும் டன் வரம்பும் பொருந்துகின்றன. வேகமாகப் பெருகி வேகமாக மடியும் நம் நண்டுக்கு, வலைக் கண்ணியின் அளவும் தடைக்காலமுமே பொருத்தம் என்பது என் கருத்து.

கேள்வி: இத்தனை கட்டுப்பாடு இருந்தும் அலாஸ்காவில் நண்டு எப்படி அழிந்தது?
– வாசகி ஒருவர், திருவொற்றியூர்

பதில்: பிடித்துத் தீர்த்ததால் அன்று. 2018, 2019ஆம் ஆண்டுகளில் அலாஸ்காவை ஒட்டிய பெரிங் கடல் வழக்கத்துக்கு மாறாகச் சூடேறியது. நீர் வெதுவெதுப்பானால் நண்டின் உடலுக்கு இரை கூடுதலாகத் தேவைப்படும். கூட்டமோ பெரிது, இரையோ போதவில்லை. 1,000 கோடிக்கும் மேற்பட்ட நண்டுகள் மறைந்துபோனதற்குப் பட்டினியே முதன்மைக் காரணம் என்று 2023இல் வெளியான ஆய்வு கூறுகிறது. போதாக்குறைக்கு, 2020இல் கொரோனாவால் கோடைக்காலக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அந்தப் பருவத்துக்குச் சுமார் 20,400 டன் பிடிக்க அனுமதித்தார்கள். மறு ஆண்டு எண்ணிப் பார்த்து அதிர்ந்து, வரம்பைச் சுமார் 2,500 டன்னாகக் குறைத்தார்கள். 2022 அக்டோபரில், வரலாற்றிலேயே முதன்முறையாக, பருவத்தை முழுவதுமாக ரத்து செய்தார்கள். அடுத்த ஆண்டும் அதே நிலைதான். 2024இல்தான், சுமார் 2,100 டன்னோடு, மீண்டும் திறந்தார்கள். ஓராண்டு எண்ணத் தவறியது அழிவுக்குக் காரணமில்லை என்றாலும், அழிவு நடந்ததை அறியத் தாமதமானதற்கு அதுவே காரணம். நம் ஏலக்கூடத்தில் நண்டு எடைபோடப்படும்போதே ஓட்டு அளவையும் ஆண், பெண் விவரத்தையும் நாள்தோறும் குறித்துவைத்தால், அலாஸ்காவிடம் கற்க வேண்டியவற்றுள் மிகப் பயனுள்ளதைக் கற்றவர்களாவோம்.

கேள்வி: முட்டை நண்டு வாங்கலாமா, கூடாதா?
– அதே வாசகி

பதில்: நாம் விரும்பிச் சாப்பிடும் செந்நிறச் சினை ஓட்டுக்குள் இருப்பது. வயிற்று மடலுக்கு வெளியே கடற்பஞ்சு போல ஒட்டிக்கொண்டிருப்பதோ, பொரியக் காத்திருக்கும் முட்டை. முதலில் மஞ்சளாக இருந்து, பொரிப்பு நெருங்க நெருங்கக் கறுக்கும். தாய்லாந்தில் இத்தகைய நண்டுகளை மீனவர்கள் ஊர்ப் பொதுத் தொட்டியில் விட்டு, குஞ்சுகள் கடலுக்குப் போன பிறகே தாயை விற்கிறார்கள். நம் வீட்டுக்கு வந்தாலோ அந்த முட்டைக் கொத்து சட்டியில்கூட விழுவதில்லை, கழுவும்போதே வழித்தெறிந்துவிடுகிறோம். கறுத்த கொத்தோடு இருக்கும் நண்டைக் கூடையிலேயே விட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கும் ஆண் நண்டை எடைபோடச் சொல்லுங்கள்.