பீச் இலைச் சுருட்டை: கேள்வி பதில்

கே: தளிரெல்லாம் தடித்து, சிவப்பாகக் கொப்புளம் கட்டிச் சுருண்டிருக்கிறது. என்ன மருந்து அடிக்கலாம்?

ப: இப்போது எதுவும் வேண்டாம். இது டாஃப்ரினா டிஃபார்மன்ஸ் என்ற பூஞ்சாணம். இதன் வித்துகள் குளிர்காலம் முழுக்கப் பட்டையிலும் மொட்டுச் செதில்களிலும் ஒட்டிக் கிடக்கும். மொட்டு உப்பி விரியும் சமயத்தில் குளிரும் மழையும் சேர்ந்து வந்தால் இளந்தளிருக்குள் புகுந்துவிடும். சுருட்டை கண்ணில் படும்போது காரியம் முடிந்துவிட்டது, மேலே தெளிப்பது உள்ளே எட்டாது. இலைமேல் வெள்ளை மாவு பூத்தாற்போல் வருகிறதே, அதுதான் அடுத்த வருஷத்துக்கான வித்து. இலை உதிர்ந்தபின் போர்டோ கலவை போன்ற தாமிர மருந்தைக் கிளை நுனிவரை நனையத் தெளியுங்கள். மழை அதிகமென்றால் மொட்டு உப்புவதற்கு முன் இன்னொரு முறை. அதுவரை தண்ணீர் விட்டு, காய்களைக் கொஞ்சம் கழித்துவிடுங்கள். வெயில் ஏறியதும் புதுத்தளிர் நன்றாக வரும்.

கே: இலை சுருண்டிருக்கிறது, ஆனால் தடிப்போ சிவப்போ இல்லை.

ப: புரட்டிப் பாருங்கள். அடியில் அசுவினி, அதாவது சாறு உறிஞ்சும் சிறு பூச்சி, இருக்கும்.

கே: உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி எரித்தால் போதுமா?

ப: போதாது. வித்து பட்டையில் இருக்கிறது.

கே: போர்டோ கலவை எப்படிச் செய்வது?

ப: 1 சதவீதக் கலவைக்கு 1 கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். இரண்டையும் பிளாஸ்டிக் தொட்டிகளில் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள். பளபளப்பான இரும்புக் கத்தியை முக்கிப் பாருங்கள். செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. அன்றே அடித்துவிடுங்கள்.

கே: போர்டோ இயற்கை மருந்துதானே? மாதாமாதம் அடித்தால் என்ன?

ப: தாமிரம் மக்காது. மண்ணில் சேர்ந்துகொண்டே போய் மண்புழுவைப் பாதிக்கும். அதோடு, விரிந்த பீச் இலையைக் கருக்கிவிடும்.

கே: நூறு வருஷத்துக்கு மேலாக அடிக்கிறார்களே! நீங்கள் ரசாயனக் கம்பெனிக்காரரா?

ப: மயில்துத்தம் மட்டும் என்ன, மரத்திலா காய்க்கிறது? 1880களில் பிரான்சில் திராட்சைக்காக வந்த மருந்து இது. பழைய மருந்து என்பதால் கணக்கில்லாமல் அடிக்கலாமா? நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, இலையில்லாத காலத்தில் அளவோடு அடியுங்கள் என்கிறேன்.

கே: மருந்தே இல்லாமல் முடியாதா?

ப: தொட்டிச் செடி என்றால் முடியும். குளிர்காலத்திலிருந்து தளிர் விரியும்வரை மழை படாமல் கூரைக்கடியில் வையுங்கள். நனையாத மொட்டில் நோய் பிடிக்காது.

கே: ஆப்பிள் இலையில் கரும்புள்ளி...

ப: அது வேறு நோய், ஆப்பிள் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கே: இலை சுருண்டுவிட்டது, இப்போது என்ன அடிக்கலாம்?

ப: முதல் பதிலைப் படியுங்கள்.