பெட்டி உள்ளே போவதற்கு முன்

கேள்வி: அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் மதுரை, ராமேஸ்வரம், கன்னியாகுமரி போய்வர இருக்கிறோம். நான்கு நாள் பயணம். நான், கணவர், 11 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகள், 74 வயது மாமியார். அத்தைக்கு முழங்கால் வலி, இன்சுலினும் போடுகிறார். போன முறை ஒரு கோயில் ஊரில் லாட்ஜ் எடுத்தோம். லிஃப்ட் உண்டு என்றார்கள். அந்த லிஃப்டுக்குப் போகவே ஒன்பது படி ஏற வேண்டியிருந்தது. காலை ஐந்து மணிக்குப் போய் இறங்கியதால் முந்தைய நாள் வாடகையையும் வாங்கிக்கொண்டார்கள். ஊர் திரும்பியபின் வீடெல்லாம் மூட்டைப்பூச்சி. இந்த முறை இப்படி ஏமாறாமல் இருக்க என்ன செய்யலாம்?
– வாசகி, தருமபுரி

பதில்: அன்புச் சகோதரிக்கு, நீங்கள் எழுதியிருக்கும் மூன்று தொல்லைகளையும் பெட்டி அறைக்குள் போவதற்கு முன்பே தடுத்திருக்க முடியும். பணம் கட்டி, பெட்டியைப் பிரித்து, பிள்ளைகள் கட்டிலில் ஏறிவிட்டால் பிறகு எந்த வாடிக்கையாளருக்கும் வாயில்லை. அதனால் தொலைபேசியில் கேட்கும் ஐந்து நிமிடமும், சாவி வாங்கியபின் அறையைப் பார்க்கும் பத்து நிமிடமும்தான் முக்கியம்.

முதலில் நாள் கணக்கு. நம் ஊர் லாட்ஜுகளில் இரண்டு வழக்கம் உண்டு. ஒன்று, பகல் 12 மணிக்குக் காலி செய்யும் கணக்கு. நீங்கள் எப்போது வந்தாலும் நாள் பகல் 12-க்கு முடியும். காலை ஐந்து மணிக்கு வந்தால், அது அவர்கள் கணக்கில் முந்தைய நாள். உங்களுக்கு நேர்ந்தது இதுதான். மற்றொன்று 24 மணி நேரக் கணக்கு. சாவி வாங்கிய நேரத்திலிருந்து எண்ணுவார்கள். கேட்க நன்றாக இருந்தாலும், காலை ஐந்துக்கு ஏறினால் மறுநாள் காலை ஐந்துக்கு இறங்க வேண்டும். தூங்கும் பிள்ளைகளையும் வயதானவரையும் அந்நேரத்தில் எழுப்பிக் கிளப்ப முடியுமா? ஆகவே ரயில் நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டு லாட்ஜைத் தேர்ந்தெடுங்கள். விடியற்காலையில் இறங்கி அன்றிரவே கிளம்பும் ஊருக்கு 24 மணி நேரக் கணக்கு நல்லது. மதியம் வந்து மறுநாள் காலை கிளம்பும் ஊருக்கு 12 மணிக் கணக்கு போதும். “எத்தனை மணிக்கு வருவோம், எத்தனை மணிக்குக் கிளம்புவோம்” என்று இரண்டையும் சொல்லி, மொத்த வாடகை எவ்வளவு என்று கேளுங்கள். சொன்ன தொகையை வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

மதுரையில் அதிகாலையில் இறங்குவதாக இருந்தால் ரயில் நிலையத்தின் ஓய்வறையையும் பாருங்கள். ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் உங்கள் பயணச்சீட்டின் பி.என்.ஆர். எண்ணைக் கொண்டு முன்பதிவு செய்யலாம். 12 மணி நேரத்துக்கும் கிடைக்கும். குளித்து, சாப்பிட்டு, மீனாட்சியம்மன் கோயிலைப் பார்த்துவிட்டுக் கிளம்ப அது போதும். கோயில் பகல் 12.30-க்கு நடை சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறக்கும். அந்த மூன்றரை மணி நேரம் அத்தை கால் நீட்டிப் படுக்க ஓர் இடம் வேண்டும். வாடகையை மிச்சம் பிடிக்கப்போய் அறையே எடுக்காமல் விட்டுவிடாதீர்கள். சித்திரை வீதிகளில் வண்டிகளை விடுவதில்லை. “கோயிலுக்குப் பக்கம்” என்று சொல்லும் லாட்ஜிடம், ஆட்டோ வாசல் வரை வருமா என்று கேட்பது இதனால்தான்.

டிசம்பர் கடைசி என்பதால் இன்னொன்றும் உண்டு. அது சபரிமலை சீசன். ஐயப்ப பக்தர்கள் திரும்பும் வழியில் ராமேஸ்வரமும் கன்னியாகுமரியும் நிரம்பி வழியும், வாடகையும் ஏறும். அமாவாசை நாளில் ராமேஸ்வரத்தில் அறை கிடைப்பதே பெரும்பாடு. காலண்டரைப் பார்த்து அந்த நாளைத் தவிருங்கள். மூன்று ஊர்களிலும் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ‘ஹோட்டல் தமிழ்நாடு’ இருக்கிறது. அரசுத் தளத்திலேயே முன்பதிவு செய்யலாம். ஆனால் விடுமுறைக்கு முந்திக்கொள்ள வேண்டும்.

இனி அத்தைக்காகக் கேட்க வேண்டியவை. “லிஃப்ட் இருக்கா?” என்று மட்டும் கேட்டால் “இருக்கு” என்பார்கள், அது பொய்யும் இல்லை. “தெருவிலிருந்து லிஃப்ட் வாசல் வரை எத்தனை படி? கரண்ட் போனால் லிஃப்ட் ஜெனரேட்டரில் ஓடுமா?” என்று கேளுங்கள். தரைத்தளத்திலேயே அறை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா, அது அறைக்கு உள்ளேயே இருக்கிறதா, குளியலறைக்குள் நுழையும் இடத்தில் படி உண்டா என்பவை அடுத்த கேள்விகள். அந்தப் படிதான் இரவில் முதியவர்களைத் தடுக்கி விழ வைப்பது. அறையையும் குளியலறையையும் அரை நிமிட வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நல்ல லாட்ஜ்காரர்கள் மறுப்பதில்லை. ஐந்து பேருக்கு ‘எக்ஸ்ட்ரா பெட்’ போடுகிறேன் என்றால், அது பெரும்பாலும் தரையில் விரிக்கும் மெத்தை. அதில் பிள்ளைகள் படுக்கலாம். முழங்கால் வலி உள்ளவருக்குக் கட்டிலே வேண்டும். அதுவும் உட்கார்ந்தால் பாதம் தரையில் பதியும் உயரத்தில்.

போய்ச் சேர்ந்ததும் குளிப்பதற்கு வரவேற்பறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கேட்டு வாங்குங்கள். உறிஞ்சு குமிழ்கள் உள்ள ரப்பர் மிதியடி ஒன்றை வீட்டிலிருந்தே சுருட்டி எடுத்துப் போங்கள். ராத்திரி குளியலறை விளக்கை எரியவிட்டுக் கதவை ஒரு சாண் திறந்து வையுங்கள். ராமேஸ்வரத்தில் இன்னும் கவனம் வேண்டும்: அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடினால், ஈரத் துணியோடு ஈரத் தரையில் வெகுதூரம் நடக்க நேரும். அத்தைக்கு அந்த நடை வேண்டாம். நீங்கள் நனைந்து திரும்புவதாக இருந்தால் ஈரத் துணியோடு உள்ளே விடுவார்களா, துணி உலர்த்த மொட்டை மாடி உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

வெந்நீருக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். லாட்ஜ் குளியலறையில் பொதுவாக 15 லிட்டர் கீசர், 2000 வாட். அது முழுதாகச் சூடாகப் பதினைந்து முதல் இருபது நிமிடம் ஆகும். அந்த 15 லிட்டரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்தால் குளிக்கும் சூட்டில் இரண்டு பக்கெட் தேறும். ஆக, ஐந்து பேர் வரிசையாகக் குளித்தால் மூன்றாவது ஆளுக்குக் குளிர்ந்த தண்ணீர்தான். கீசர் கெட்டுவிட்டதென்று சண்டை போட வேண்டாம். இரண்டு பேருக்கு ஒருமுறை இருபது நிமிடம் இடைவெளி விடுங்கள். சுவரில் சின்னதாக 3 லிட்டர் கீசர் இருந்தால், குழாயை மெல்லிய தாரையாகத் திறந்தால்தான் சூடு வரும். சில லாட்ஜுகளில் காலை 6 முதல் 9 வரை மட்டும் வெந்நீர் விடுவார்கள். ராமேஸ்வரத்தில் நான்கு மணிக்கே கிளம்புகிறவர்களுக்கு அது உதவாது. எதுவானாலும், தண்ணீர் சுட்டபின் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் உள்ளே இறங்க வேண்டும். பழைய கட்டடங்களில் எர்த் சரியாக இருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

மூட்டைப்பூச்சி. இதற்கு நட்சத்திர ஹோட்டல், சாதா லாட்ஜ் என்ற பேதம் இல்லை. பயணிகளின் பெட்டியிலேயே ஊர் ஊராகப் போகும். அறைக்குள் நுழைந்ததும் பெட்டிகளை நேராகக் குளியலறையில், ஓடு பதித்த காய்ந்த தரையில் வையுங்கள். கட்டிலிலோ மெத்தை நாற்காலியிலோ வைக்கக் கூடாது. பிறகு விரிப்பைத் தலைமாட்டுப் பக்கம் தொடங்கி நான்கு மூலையிலும் உருவி, மெத்தையின் தையல் ஓரத்தை மொபைல் வெளிச்சத்தில் பாருங்கள். மைத்துளி போலக் கறுப்புப் புள்ளிகள், உரிந்த பழுப்புத் தோல், துருநிறக் கறை: இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த அறை வேண்டாம். கட்டிலின் தலைப்பலகைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடுக்கைக் கட்டாயம் பாருங்கள். பூச்சி அங்கேயும் அதிகம் பதுங்கும். வேறு அறை கேட்கும்போது பக்கத்து அறையோ நேர்மேலே உள்ள அறையோ வேண்டாம் என்று சொல்லுங்கள். சுவர் விரிசல் வழியாகவும் ஒயர் குழாய் வழியாகவும் அவை அடுத்த அறைக்குப் போகும்.

சுத்தமான அறையாகவே தெரிந்தாலும், ஊர் திரும்பியதும் பெட்டியைப் படுக்கையறைக்குக் கொண்டுபோகாதீர்கள். வாசலிலேயே திறந்து, துணிகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, 60 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவிட்டுத் துவையுங்கள். வெயிலில் உதறிப் போட்டால் போதாது, மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும். பெட்டியின் தையலையும் ஜிப் ஓரத்தையும் பழைய பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். இரத்தம் குடிக்காமலே பல மாதம் உயிரோடிருக்கும் பூச்சி அது. பெட்டியைப் பரணில் போட்டுவிட்டால் அடுத்த பயணத்துக்கு எடுக்கும்போதும் இருக்கும்.

அறை பார்க்கும் அதே பத்து நிமிடத்தில் கதவையும் பாருங்கள். உள்தாழ்ப்பாள் முழுதாக விழுகிறதா? பழைய லாட்ஜுகளில் வெளியே நாதாங்கியும் பூட்டும்தான்; உங்கள் வீட்டுப் பூட்டு ஒன்றைக் கொண்டுபோனால் வெளியே போகும்போது அதையே போடலாம். பால்கனிக் கதவு, குளியலறை வென்டிலேட்டர் இரண்டையும் விடாதீர்கள். படுக்கையையோ குளியலறையையோ நேராகப் பார்த்தபடி கடிகாரம், புகை உணர்கருவி, யாரும் கேட்காமலே செருகிய சார்ஜர் இருந்தால் விளக்கை அணைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். கேமரா லென்ஸ் சின்னப் பொட்டாகத் திருப்பி மின்னும். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து யாரும் பார்க்க முடியுமா என்று அறிய, அதில் விரல் வைத்துப் பார்க்கும் சோதனை எப்போதும் சரியான விடை தராது. உண்மையிலேயே ஏதாவது கிடைத்தால் தொடாமல் படமெடுத்து, அறையைவிட்டு வெளியே வந்து, 112-ஐ அழையுங்கள். பாரதிய நியாய சன்ஹிதா என்னும் தண்டனைச் சட்டத்தின் 77-ஆம் பிரிவில், பெண்களை இப்படி மறைவாகப் படமெடுப்பது குறைந்தது ஓராண்டு சிறைக்குரிய குற்றம். கடைசியாக, அறை வாசலிலிருந்து மாடிப்படி வரை எத்தனை கதவு என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். தீப்பிடித்தால் புகையில் கண் தெரியாது, லிஃப்டிலும் ஏறக் கூடாது. அந்த எண்ணிக்கைதான் கைகொடுக்கும்.

பணம், அடையாள அட்டை. கூகுளில் கிடைக்கும் எண்ணெல்லாம் லாட்ஜின் எண் அல்ல. பக்தர்கள் அதிகம் போகும் ஊர்களின் பெயரில் போலித் தளங்கள் நிறைய. முன்பணம் அனுப்பும்போது யு.பி.ஐ. திரையில் வரும் வங்கிப் பெயரைப் படியுங்கள். லாட்ஜுக்குத் தொடர்பில்லாத தனிநபர் பெயர் வந்தால் நிறுத்திவிட்டு, வேறு வழியில் எண்ணைச் சரிபாருங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணைய மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள். செயலியில் முன்பதிவு செய்திருந்தால் முதல் நாளே லாட்ஜுக்கு நேரடியாகப் பேசி, பதிவு அவர்கள் ஏட்டில் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள்.

ஆதார் நகல் கேட்டால் மறைத்த ஆதாரைக் கொடுக்கலாம். ஆதார் ஆணையத் தளத்தில் பதிவிறக்கும்போது அந்த விருப்பத்தைத் தேர்ந்தெடுத்தால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும். ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டையும் செல்லும். பான் அட்டையில் முகவரி இல்லாததால் பல இடங்களில் ஏற்பதில்லை. நகல் கொடுத்தால் அதன் குறுக்கே லாட்ஜ் பெயரும் தேதியும் எழுதிக் கொடுங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரை ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், முன்பு 12. அதாவது 2,000 ரூபாய் அறைக்கு 100 ரூபாய். பில்லில் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண் இல்லையென்றால் அந்த வரியை அவர்கள் வாங்கவே கூடாது. தகராறு என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. கார் கொண்டுபோவதாக இருந்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: சாவியை ஹோட்டல் ஆளிடம் கொடுத்து நிறுத்திய வண்டி திருடுபோனால், ‘வண்டி உரிமையாளரே பொறுப்பு’ என்று சீட்டில் அச்சடித்துவிட்டு ஹோட்டல் தன் அலட்சியத்திலிருந்து தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். நகையை மட்டும் வீட்டிலேயே விட்டுப் போங்கள்.

கன்னியாகுமரியில் ‘சீ வியூ’ அறைக்கு அதிக வாடகை கேட்டால், சூரிய உதயம் கட்டிலிலிருந்தா, பால்கனியிலிருந்தா, மொட்டை மாடியிலிருந்தா என்று கேளுங்கள். மொட்டை மாடி என்றால் சாதா அறையே போதும், எல்லோரும் ஏறலாம். அத்தையும் பார்க்க வேண்டுமானால் கிழக்குப் பார்த்த பால்கனிக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் தவறே இல்லை. டிசம்பர் கடைசியில் உதயம் ஆறரையை ஒட்டி.

இன்சுலின் விஷயம். பயன்பாட்டில் இருக்கும் புட்டியோ பேனாவோ 30 டிகிரிக்குக் கீழே பொதுவாக நான்கு வாரம் தாங்கும். சரியான நாள் கணக்கு அட்டைப்பெட்டியில் இருக்கும். நான்கு நாள் பயணத்துக்கு ஃப்ரிட்ஜ் தேட வேண்டியதில்லை. கைப்பையில் வையுங்கள், வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள். திறக்காத உபரி இன்சுலினை லாட்ஜ் ஃப்ரிட்ஜில் கொடுத்தால் ஃப்ரீசரில் வைக்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். உறைந்துவிட்டால் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். காலி செய்யும்போது தலையணைக்கு அடியில், கதவின் பின்னால் உள்ள கொக்கியில், பிளக்கில் செருகிய சார்ஜரில் பார்ப்பதோடு, அந்த ஃப்ரிட்ஜையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.