நுவரெலியாவின் உறைபனியில் காரைச் சமாளிக்க வீட்டுப் பொருட்கள் உதவுமா?

கேள்வி கேட்டவர் தை மாதத்தில் கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்குச் சென்று மூன்று இரவுகள் தங்க இருக்கிறார். கையில் இருப்பது ஜப்பானிலிருந்து இறக்குமதியான ஒரு பழைய சிறிய கார். கனடாவிலுள்ள உறவினர்கள் அனுப்பிய குளிர்காலக் கார்க் குறிப்புகளுள் எவை நமக்கு உதவும் என்று அறிய விரும்புகிறார். நான் கனடாவின் ஸ்காபரோவில் ஆறு குளிர்காலங்கள் கார் ஓட்டிவிட்டு வெள்ளவத்தைக்குத் திரும்பியவன். இப்போதும் ஆண்டுக்கொரு முறையாவது தை, மாசியில் மலைக்குப் போய் வருகிறேன். நான் கண்ட வரையில் அந்தக் குறிப்புகளுள் பாதி, காலையில் அவசரப்பட்டுச் செய்பவை. உருப்படியானவை பெரும்பாலும் முதல்நாள் இரவிலேயே செய்துவிட வேண்டியவை.

முதலில் கண்ணாடியில் படியும் பனி. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் வெப்பநிலை மூன்று, நான்கு பாகையாக இருக்கும் காலைகளிலும் புல்லும் தேயிலைக் கொழுந்தும் காரின் முன் கண்ணாடியும் வெள்ளையாகிவிடுவதைப் பார்த்துப் பலர் வியக்கிறார்கள். முகிலில்லாத இரவில் தரையும் கண்ணாடியும் தம் வெப்பத்தை நேராக வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் கூடுதலாகக் குளிர்ந்துவிடுவதே இதற்குக் காரணம். ஆகவே கண்ணாடிக்கும் வானத்துக்கும் நடுவே எதையாவது மறைப்பாக வைத்தால் பனி படிவது பெரும்பாலும் நின்றுவிடும். விடுதியின் போர்ட்டிகோவோ அடர்ந்த மரமொன்றின் நிழலோ கிடைத்தால் அதுவே போதும். கிடைக்காவிட்டால் ஒரு பழைய படுக்கை விரிப்பையோ தடித்த துவாயையோ முன் கண்ணாடியின் மேல் விரித்து, இரு ஓரங்களையும் கதவுகளுக்குள் இழுத்துச் சாத்திவிடலாம். விரிப்பு காய்ந்ததாக இருக்க வேண்டும். ஈரத் துவாயாக இருந்தால் அதுவே கண்ணாடியோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். பின்னால் வருவதைப் பார்க்கும் பக்கக் கண்ணாடிகளுக்கு இரண்டு ஷொப்பிங் பைகளை மாட்டி இறப்பர் வளையம் போட்டுவிட்டால் அந்த வேலையும் முடிந்தது.

இதைச் செய்யாமல் தூங்கிவிட்டவர்களுக்குத்தான் கேத்தில் நினைவுக்கு வருகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாசி மாதக் காலையில், நாங்கள் தங்கியிருந்த விடுதியின் முற்றத்தில், என் மைத்துனர் கொதிநீர்க் கேத்திலோடு காருக்கு முன்னால் வந்து நின்றார். "அத்தான், ஒரு ஊத்து ஊத்தினா எல்லாம் கரைஞ்சு போயிடும்" என்றார். ஹட்டன் வீதியில் முன்னால் போன லொறியொன்றின் சக்கரத்திலிருந்து தெறித்த சிறு கல் அந்தக் கண்ணாடியின் கீழ் மூலையில் உளுந்தளவு வடு ஒன்றை ஏற்படுத்தியிருந்தது. நான் அதைத் தொட்டுக் காட்டினேன். உறைந்திருக்கும் கண்ணாடியின் ஒரு பகுதி மட்டும் திடீரெனச் சூடாகி விரியும்போது, அப்படிப்பட்ட வடுவிலிருந்துதான் விரிசல் கிளம்பிக் குறுக்கே ஓடும். வடுவே இல்லாத கண்ணாடியும் தப்பும் என்பதற்கு உறுதியில்லை. இந்த மூலையில் என் கை அழுந்தியிருந்த இடத்தில் பனி தானாகவே உருகிச் சிறு வட்டமாகத் தெளிந்திருந்ததையும் அவர் பார்த்தார். அந்தக் கொதிநீர் பிறகு பிளேன்ரீக்குப் பயன்பட்டது.

கொதிநீருக்குப் பதிலாகப் பாமசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பங்கு ஸ்பிரிட்டுக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்து, செடிகளுக்குத் தெளிக்கும் போத்தல் ஒன்றில் ஊற்றிக் கண்ணாடியின் மேலிருந்து கீழாக விசிறினால், நுவரெலியாவின் மெல்லிய பனி ஒரு நிமிடத்துக்குள் கூழாகிவிடும். மிச்சத்தை வைப்பரே துடைத்துவிடும். ஸ்பிரிட்டிலுள்ள அல்ககோல் தண்ணீரைவிட மிகத் தாழ்ந்த வெப்பநிலையில்தான் உறையும் என்பதால், அது கலந்த நீர் மறுபடியும் உறைவதில்லை. ஸ்காபரோவில் பூட்டுத் துவாரம் உறைந்தபோது சாவியில் கைச்சுத்திகரிப்புத் திரவத்தைத் தடவித் திறந்ததும் இதே காரணத்தால்தான் பலித்தது. வினாகிரி தெளிக்கச் சொல்பவர்களும் உண்டு. கடையில் வாங்கும் வினாகிரியில் தொண்ணூறு வீதத்துக்கு மேல் தண்ணீர்தான்; அது ஏறக்குறையத் தண்ணீரைப் போலவே உறையும். வெங்காயத்தைப் பாதியாக வெட்டிக் கண்ணாடியில் தேய்க்கும் முறையையும் முயன்று பார்த்தேன். பனி படிந்தது, மணமும் படிந்தது. உப்பு நீரை மட்டும் கண்ணாடியில் தெளித்துவிடாதீர்கள். வழிந்து போய் இடுக்குகளில் தங்கும் உப்பு தகரத்தை என்ன செய்யும் என்பதைக் காலி வீதியின் கடற்கரைப் பக்கத்தில் கார் நிறுத்துபவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது பற்றரி. நமது பற்றரியைத் தின்பது கொழும்பின் வெயில். அந்தச் சேதம் வெளிப்படுவது குளிரில். வெப்பம் உள்ளேயிருக்கும் ஈயத் தகடுகளின் அரிப்பை விரைவுபடுத்துகிறது. கொழும்பில் அந்தத் தளர்ச்சி தெரிவதில்லை, ஏனெனில் சூடான எஞ்சின் எளிதாகச் சுழலும். நுவரெலியாவின் காலையில் பற்றரி தரும் மின்னோட்டமும் குறைகிறது, கெட்டியான எண்ணெயில் சுழல வேண்டிய எஞ்சினின் தேவையும் கூடுகிறது. 2020 மார்ச்சிலிருந்து 2025 பெப்ரவரி வரை தனியார் வாகன இறக்குமதி நின்றிருந்ததால் பழைய கார்களையே இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும் நம்மில் பலருக்கு இது தெரிந்த கதைதான். புறப்படுவதற்கு முன் எஞ்சின் மூடியைத் திறந்து பற்றரியின் முனைகளைப் பாருங்கள். வெண்பச்சைப் பூப் பூத்திருந்தால், ஒரு கோப்பை தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடாவைக் கரைத்து, பழைய பற்தூரிகையால் தேய்க்கலாம். சோடா பட்டவுடன் பூ சீறி நுரைத்து, சாம்பல் நிறமான ஈயம் மெல்ல வெளியே தெரியும். எதிர் (−) முனையை முதலில் கழற்றவும், கடைசியில் மாட்டவும் மறக்க வேண்டாம். கரைசல் பற்றரியின் மூடித் துவாரங்களுக்குள் இறங்கக்கூடாது. காய்ந்த பின், இறுக்கிப் பூட்டிய முனைகளின் மேல் வாஸ்லின் பூசுங்கள். ஹைபிரிட் காராக இருந்தால் இந்த வேலை 12 வோல்ட் பற்றரிக்கு மட்டுமே. உயர் மின்னழுத்தம் பாயும் செம்மஞ்சள் நிற வயர்களின் பக்கம் கையே போகக்கூடாது.

ரயர்க் காற்றைப் பற்றியும் கனடாக் குறிப்பில் இருந்திருக்கும். வெப்பநிலை ஏறத்தாழ ஐந்தரைப் பாகை குறையும்போது ரயரின் அழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) இறங்கும் என்பது உண்மைதான். கொழும்பின் முப்பது பாகையிலிருந்து ஐந்துக்கு இறங்கினால் நாலரை பி.எஸ்.ஐ. குறைய வேண்டும். ஆனால் மேலே ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவதால், உள்ளேயும் வெளியேயும் உள்ள அழுத்தங்களின் வேறுபாட்டையே காட்டும் அளவுமானி நுவரெலியாவின் உயரத்தில் ஏறக்குறைய மூன்று பி.எஸ்.ஐ. கூட்டிக் காட்டும். ஒன்றையொன்று பெரும்பாலும் ஈடுசெய்துவிடுவதால், கொழும்பில் சரியாக அடித்துக்கொண்டு போனால் அங்கே கைவைக்கத் தேவையில்லை.

உறைபனியைவிட அதிகத் தொல்லை தருவது கண்ணாடியின் உட்புறத்தில் படியும் ஆவி என்பது என் எண்ணம். நுவரெலியாவுக்கு ஏறும் வழியிலுள்ள ரம்பொடை வளைவுகளில் மழையும் முகிலும் சூழ, காருக்குள் ஐந்து பேர் மூச்சுவிட, முன்னால் வரும் பஸ்கூடத் தெரியாமல் போகும். கொழும்பில் புகைக்கும் வெக்கைக்கும் பயந்து, உள்ளிருக்கும் காற்றையே சுழலவிடும் பொத்தானை ஆண்டு முழுவதும் அழுத்தி வைத்திருக்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. மலையில் ஈரம் வெளியேற வழியில்லாமல் போவது அதனால்தான். அதை அணைத்து, வெளிக்காற்றை உள்ளே எடுத்து, ஏசியைப் போட்டபடியே வெப்பக் குமிழையும் சிவப்புப் பக்கம் திருப்புங்கள். ஏசி காற்றின் ஈரத்தைப் பிழியும், சூடு கண்ணாடியை உலர்த்தும். பின் கண்ணாடியில் மெல்லிய கோடுகள் தெரிந்தால், அவை அதைச் சூடாக்கும் கம்பிகள். ஜப்பானிலிருந்து வந்த கார்களில் பெரும்பாலும் இருக்கும், சொந்தக்காரர்தான் ஒருமுறைகூட அந்தப் பொத்தானை அழுத்தியிருக்க மாட்டார். முதல்நாள் இரவில் சவர நுரையை மெல்லியதாகப் பூசி, காய்ந்த துணியால் பளபளக்கும்வரை துடைத்தாலும் ஆவி ஓரிரு நாள் குறையும். காலுறையில் அரிசி கட்டி வைக்கச் சொல்கிறார்கள். அரிசி அவ்வளவு ஈரத்தை உறிஞ்சாது. பூனைக்குப் போடும் களிமண் மணல் கிடைத்தால் அதைக் கட்டி வைக்கலாம். ஸ்காபரோவில் சில்லு பனியில் வழுக்கிச் சுழன்றபோது அதே மணலைத்தான் அதன் முன்னால் கொட்டினோம். இங்கே சேற்றிலோ ஈரப் புல்லிலோ சிக்கினால் பழைய சாக்கோ தும்புக் கால்மிதியோ அதே வேலையைச் செய்யும். ஆனால் சில்லுக்குப் பின்னால் எவரும் நிற்கக்கூடாது, அது கால்மிதியை வீசியெறியும்.

கனடாவில் கைப்பிரேக் உறைந்துவிடும் என்று அதை இழுக்காமல் விடச் சொல்வார்கள். அதை மட்டும் நுவரெலியாவுக்குக் கொண்டுவர வேண்டாம். அங்கே நிறுத்துமிடங்கள் பலவும் சரிவுகள். பிரேக்கை நன்றாக இழுத்து, கியரிலும் போட்டு, சில்லுக்கு ஒரு கல்லையும் வையுங்கள். ஸ்பிரிட் போத்தலைப் புகைபிடிப்பவர்களின் கைக்கு எட்டாமல் வைத்திருங்கள். திரும்பி வந்ததும் காரிலிருந்து முதலில் இறக்க வேண்டிய பொருளும் அதுதான், மூடிய காருக்குள் கொழும்பு வெயிலில் அது இருக்கக்கூடாது.