போர்த்மாடோக்: துறைமுகத்துக்கு முன் கரைமேல் நடங்கள்

கேள்வி: மான்செஸ்டரில் படிக்கும் மகளைப் பார்க்க வந்திருக்கிறோம். வேல்ஸில் உள்ள போர்த்மாடோக் என்ற துறைமுக ஊருக்கு ஒரு பகல் போய்வர எண்ணம். நீராவி ரயிலைத் தவிர அங்கே பழமையானது ஒன்றும் மிச்சமில்லை, கரையெல்லாம் விடுமுறை வீடுகள்தான் என்கிறார்கள். பழைய துறைமுகத்தை எங்கே, எப்படிப் பார்ப்பது?

பதில்: கோட்டை கொத்தளங்களைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். 1800-இல் அந்த ஊரே கிடையாது. ஆனால் மிச்சம் ஒன்றும் இல்லை என்பது தவறு. ஊர் பிறக்கக் காரணமாக இருந்த கட்டுமானத்தின் மேலேறித்தான் எல்லோரும் ஊருக்குள் நுழைகிறார்கள். அதை ஒரு சாலை என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். அதன் பெயர் ‘காப்’. காரை நிறுத்திவிட்டு முதலில் அதன்மேல் நடங்கள்.

வில்லியம் மேடக்ஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர், கடல் ஏறி வடியும் மணல்வெளியை விளைநிலமாக்க விரும்பிக் கழிமுகத்தின் குறுக்கே ஏறக்குறைய ஒரு மைல் நீளத்துக்குப் போட்ட கரை அது. 1811-இல் முடிந்தது. மறு ஆண்டே பிப்ரவரிப் புயலில் உடைந்தது, மீண்டும் அடைத்தார்கள். நடுவில் நின்று இருபுறமும் பாருங்கள். ஒருபுறம் புல்வெளியும் அதற்கு அப்பால் ஸ்னோடன் மலையும். மறுபுறம் மணலும் உப்புநீரும்.

துறைமுகம் இந்தக் கரை தந்த எதிர்பாராத வரவு. வழி அடைபட்ட கிளாஸ்லின் ஆற்றை மேற்கு முனையில் மதகு வழியாகத் திருப்பிவிட்டார்கள். மதகைத் தாண்டிப் பாய்ந்த நீர் அடிமணலை அரித்து, கப்பல் வரும் ஆழத்துக்குத் தானே வாய்க்கால் வெட்டிக்கொண்டது. 1821-இல் மேடக்ஸ் துறைமுகத்துக்கான சட்டத்தைப் பெற்றார். 1824 முதல் கூரைக்கான சிலேட்டுக் கற்கள் கப்பலேறின. இன்று மதகுக்கு மேலே, காப் ஊரைத் தொடும் இடத்திலுள்ள பிரிட்டானியா பாலத்தில் நின்று கீழே பார்த்தால் அந்த நீரோட்டத்தின் வழி புரியும். இந்த இடத்தில் கால்மணி நேரமாவது செலவிடுங்கள்.

நீங்கள் ஏறப்போகும் ரயிலும் இந்தக் கதையைச் சேர்ந்ததுதான். 1836-இல் திறந்த ஃபெஸ்டினியோக் பாதை, மலைமேலுள்ள பிளைனாய் ஃபெஸ்டினியோக் சுரங்கங்களிலிருந்து சீரான இறக்கமாகப் போடப்பட்டது. சிலேட்டு ஏற்றிய பெட்டிகள் எஞ்சின் இல்லாமல் தம் எடையிலேயே உருண்டு வந்தன. குதிரைகளும் ஒரு பெட்டியில் நின்றபடி கூடவே இறங்கின. காலிப் பெட்டிகளை மேலே இழுத்துச் செல்வது அவற்றின் வேலை. 1842-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் தீப்பற்றி எரிந்த பிறகு, எரியாத கூரைக்கு அங்கே பெரும் தேவை எழுந்தது. இந்தத் துறைமுகம் செழித்தது. 1873-இல் மட்டும் 1,16,000 டன் இங்கிருந்து போயிற்று.

அந்த விடுமுறை வீடுகளைப் பார்த்துச் சலித்துக்கொள்ளாதீர்கள். அவை நிற்பது கப்பலுக்குக் காத்திருந்த சிலேட்டை அடுக்கிவைத்த மேடைகளின்மேல்தான். எஞ்சிய கடைசிச் சிலேட்டுக் கொட்டகைதான் இப்போது கடல்சார் அருங்காட்சியகம். திறக்கும் நாட்களை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அங்கே மிகவும் பிடித்தது எந்தக் கட்டடமும் அல்ல. துறைமுகத்துக்கு எதிரே கிடக்கும் ‘கெய் பாலஸ்ட்’ என்ற சிறு தீவு. சரக்கு இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் கப்பல் கவிழாமலிருக்க, அடியில் கற்களை நிரப்பிக்கொண்டு வருவார்கள். சிலேட்டு ஏற்றும் முன் அவற்றைக் கொட்ட வேண்டுமே! கப்பல் கப்பலாகக் கொட்டிய வெளிநாட்டுக் கற்களே மேடாகித் தீவாயின. உள்ளூர்ச் சிலேட்டின் கருநீலச் சாம்பல் நிறத்தைக் கண்ணில் பழக்கிக்கொண்டு, பிறகு அந்த மேட்டைப் பாருங்கள். தண்ணீர் வற்றும் வேளையில்தான் அதன் முழு உருவமும், கப்பல்துறைச் சுவர்களின் உயரமும் தெரியும். ஆகவே ரயில் நேரத்தைவிடக் கடல் ஏறி வடியும் ஓத நேரத்தை முதலில் பார்த்துப் பயணத்தை வகுத்துக்கொள்ளுங்கள்.

1913-இல் இங்கே கட்டிய கடைசிப் பாய்மரக் கப்பலான ‘கெஸ்டியானா’ முதல் பயணத்திலேயே அழிந்தது. அடுத்த ஆண்டு மூண்ட முதல் உலகப் போர் ஜெர்மனியுடனான சிலேட்டு வணிகத்தையும் முடித்துவைத்தது.

மாலையில் நேரமும் கால் வலுவும் இருந்தால், பக்கத்திலுள்ள போர்த்-ய்-கெஸ்ட் வரை நடந்து போங்கள். வளைகுடாவின் வாயில் நான்கு வீடுகள் தனித்து நிற்கும். மணல்திட்டுகளுக்கு இடையே கப்பல்களுக்கு வழிகாட்டியவர்கள், வரும் பாய்மரக் கப்பல்களைக் கவனிப்பதற்காகக் கட்டப்பட்டவை அவை.